பொறுக்கிய மூன்று காய்கள்

காட்டுச் செடி சேகரிக்கிற தொழிலில் ஒரு வசதி உண்டு: செடி ஓடாது, ஓட வேண்டியதெல்லாம் நாம்தான்.

நான் இருபது வருஷம் ஓடினேன். மதுரையில் ஒரு கல்லூரியில் தாவர சாஸ்திரப் பேராசிரியர் ஒருவர் இருந்தார். அவருக்காக மலையேறிச் செடி கொண்டுவந்து கொடுப்பது என் வேலை. வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். ஊருக்கு மேற்கே உள்ள மலையும், ராஜபாளையத்துக்கு மேற்கே உள்ள மலையும் என் ஆபீஸ். இலை, பூ, காய் எல்லாவற்றையும் காயவைத்து, கெட்டித்தாளில் ஒட்டி, நம்பர் போட்டுக் கொடுப்பேன். அவர் பார்த்து, இது பழசு, இது புதுசு என்று தீர்ப்புச் சொல்வார். புதுசு என்றால் லத்தீனில் ஒரு பெயர் வைத்துச் சீமைப் பத்திரிகைக்கு எழுதுவார். அந்தப் பெயர் சில சமயம் அவருடைய குருவின் பெயராக இருக்கும், சில சமயம் குருவின் குருவினுடையதாக இருக்கும். அட்டைக்கடி வாங்கியவன் பெயர் கடைசி வரியில் பொடி எழுத்தில் வந்தால் அது பெரிய காரியம். வேலையை நீங்கள் பார்த்து, பெயரை வேறொருவர் வாங்கிக்கொண்டு போன அனுபவம் உங்களில் பல பேருக்கு இருக்கும். அப்படியானால் நீங்கள் எனக்குச் சொந்தக்காரர். நடந்ததை உங்களிடம் சொல்லலாம்.

பேப்பரும் ஏட்டையாவும்

பறித்த கிளையை உடனே பழைய பேப்பர் மடிப்புக்குள் வைத்து, இரண்டு பலகைக்கு நடுவே அடுக்கி, கயிறு போட்டு இறுக்கிக் கட்ட வேண்டும். பேப்பர் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். ராஜபாளையத்தில் பஞ்சுக் கடை வைத்திருந்த ஒரு ராஜு எனக்குப் பழைய பேப்பர் கொடுப்பார். அவர் காங்கிரஸ்காரர். அவர் கட்டுக்குள் சர்க்கார் தடை செய்த பேப்பரும் கலந்திருக்கும் என்பது எனக்குத் தெரியாது. நான் பேப்பரைப் படிக்கிறவன் இல்லை, நனைக்கிறவன்.

ஒருநாள் காலையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது ஏட்டையா ஒருவர் என் பலகைக் கட்டைப் பார்த்துவிட்டார். அவிழ்க்கச் சொன்னார். நான் தயங்கினேன். தயங்கியது தப்பு. அவரே கயிற்றை அறுத்து, ஒவ்வொரு பேப்பராக எடுத்து உதறினார். நான்கு நாள் மலையில் கிடந்து கொண்டுவந்த செடியெல்லாம் பஸ் நிற்கிற புழுதியில் விழுந்தது. ஸ்டேஷனில் உட்காரவைத்துவிட்டார்கள். உள்ளே தள்ளிவிட்டால் எஸ்தருக்கு யார் போய்ச் சொல்வார்கள் என்றே யோசித்துக்கொண்டிருந்தேன். எஸ்தர் என் மனைவி. மத்தியானத்துக்கு மேல் ராஜுவே வந்து, "ஏமண்டி இதி, இவரு செடிக்கார ஐயாங்க" என்று தெலுங்கும் தமிழுமாகப் பேசி மீட்டுவிட்டார்.

செடிகளைப் பொறுக்கிக்கொண்டு மதுரைக்குப் போனேன். கிளையில் நம்பர் அட்டை கட்டியிருந்தவை பிழைத்தன. அட்டை இல்லாமல் உதிரியாகக் கிடந்த பூவையும் காயையும் பேராசிரியர் ஒரே கையால் வாரிக் குப்பையில் போட்டார். எந்த மரத்தில் இருந்து வந்தது என்று தெரியாதது செடி இல்லை, தழை என்றார். மரத்தில் இருப்பதைப் பறிக்கலாம், தரையில் கிடப்பதைப் பொறுக்கக் கூடாது, அது பக்கத்து மரத்துடையதாகவும் இருக்கும். அன்றைக்கு அவர் போட்ட இந்தச் சட்டத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஏட்டையா மட்டும் கடைசிவரை சமாதானம் ஆகவில்லை. என்னை வெளியே விடும்போது கேட்டார்: "எல்லாஞ் சரிலே, ஆடு திங்கிற தழையைச் சுத்த சர்க்காருக்கு ஆகாத பேப்பருதான் வேணுமா?"

காய் இல்லாத பூ

ஆவணி மாதம். செண்பகத்தோப்புக்கு மேலே ஓடையைப் பிடித்துக்கொண்டு நானும் வெள்ளையனும் அரைநாள் ஏறினோம். வெள்ளையன் மலையிலேயே இருக்கும் பளியர். தேன் எடுக்கிறவர். எனக்காக மரம் ஏறுவார். ஏற மாட்டேன் என்று அவர் சொன்னால் அந்த மரத்தில் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். நான் கேள்வி கேட்பதில்லை.

ஓடைக் கரையில் பாறை விளிம்பில் ஒரு மரம் நின்றது. உள்ளங்கையில் அடங்குகிற வெள்ளைப் பூ, நடுவில் மஞ்சள் குஞ்சம். இதழ் இதழாக உதிராமல் முழுப் பூவாக விழுந்துகொண்டிருந்தது. நான் அதுவரை பார்த்ததில்லை. வெள்ளையன் ஏறினார். அவர் நின்ற கிளை பாதி உயரத்தில் சடாரென்று முறிந்தது. கீழே ஆழம் தெரியாத பள்ளம். ஒரு கையால் தொங்கிக்கொண்டு, காலால் வேறு கிளையைத் தேடினார். நான் ஏசுவே ஏசுவே என்று கத்தினேனே தவிர வேறு ஒன்றும் செய்யவில்லை. அவர் இறங்கிவந்தபோது பூக்கிளை வாயில் இருந்தது. வாங்கி நம்பர் அட்டையைக் கட்டினேன்.

லீவு விட்டாலே பேராசிரியர் ஸ்ரீவில்லிபுத்தூர் மிஷன் பங்களாவில் வந்து தங்கிவிடுவார், அப்போதும் அங்கேதான் இருந்தார். லென்சைக் கண்ணில் வைத்துப் பூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு விளக்கினார். இந்தப் பூ இரண்டில் ஒன்று. ஒன்று, இந்த மலைகளில் ஏற்கனவே உள்ள மரம், அதற்கு என் தாத்தா பிறப்பதற்கு முன்பே பெயர் வைத்தாகிவிட்டது. இன்னொன்று காட்டுக் கமேலியா, தேயிலைக்கு உடன்பிறப்பு, எங்கள் பக்கத்து மலையில் அதுவரை ஒருவரும் கண்டதில்லை. பூவை வைத்துத் தீர்க்க முடியாது, விதைதான் சொல்லும். விதைக்கு மெல்லிய இறக்கை இருந்தால் பழைய மரம். இறக்கை இல்லாமல் கோலிக்குண்டு மாதிரி இருந்தால் கமேலியா, அதுவும் புத்தம் புதுசு. அப்படி அமைந்தால் அதற்கு என் பெயரையே வைப்பதாகச் சொன்னார். நான் அதற்குள் லத்தீனில் என் பெயரைச் சொல்லிப் பார்க்க ஆரம்பித்துவிட்டேன். அவர் என்னைக் கவனிக்காமல் பூவை மூடிவைத்துவிட்டுச் சொன்னார்: "ரொம்பச் சந்தோஷப்படாதேயும் ஞானமுத்து. காய் இல்லாத பூவுக்கு நான் பேர் வைக்கிறதில்லை."

தண்ணீர் ஏறிய நாள்

காய்க்காக மார்கழியில் போனோம். அந்த வருஷம் மழை காலம் தப்பி மார்கழியிலும் பெய்தது. மரத்தடிக்குப் போய்ச் சேரும்போதே ஓடை சத்தம் மாறியிருந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் தாண்ட முடியாமல் போகும். அண்ணாந்து பார்த்தேன். உச்சியில் மூட்டத்துக்குள் காய் மாதிரி ஏதோ தெரிந்தது. அதற்குக் கீழே, நடுக்கிளையில், கூடை அளவுக்குக் கடந்தைக் குளவிக் கூடு. வெள்ளையன் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இன்னிக்கு ஏற மாட்டேன் ஐயா" என்றார். நான் ஏறலாம் என்று மரத்தில் கை வைத்தேன். பாசி வழுக்கி, முழங்கால் தோல் பாறையோடு போயிற்று.

அப்போதுதான் தரையைப் பார்த்தேன். மரத்தின் வேர் ஓடைக்குள் நீட்டிக்கொண்டிருந்த இடத்தில், சருகோடு சருகாக மூன்று காய் ஒதுங்கிக் கிடந்தது. ஒன்று வெடித்திருந்தது. உள்ளே கோலிக்குண்டு. இறக்கை இல்லை. சுற்றிலும் பார்த்தேன், அப்படிக் காய்க்கிற வேறு மரம் ஒன்றும் கண்ணில் படவில்லை. மரத்தடியில் கிடப்பது மரத்தின் காய்தானே? மூன்றையும் எடுத்துக் காகிதப் பொட்டலத்தில் போட்டு, மரத்தின் நம்பரை எழுதினேன். நோட்டில் பறித்ததா பொறுக்கியதா என்று எழுத வேண்டிய இடம் வந்தது. பென்சில் ஒரு விநாடி நின்றது. பிறகு 'பறித்தது' என்று எழுதினேன்.

அன்று சாயங்காலம் பேராசிரியர் பொட்டலத்தைப் பிரித்தார். முகம் மலர்ந்ததும் கண்ணாடியைக் கழற்றி என்னை நேராகப் பார்த்தார். "பறிச்சதுதானே?" என்றார். ஆமா ஐயா என்றேன். பொய் சொல்வது இவ்வளவு சுலபம் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். நான் பொறுக்கியதைப் பார்த்தது வெள்ளையன் ஒருவர்தான். அவர் மலையிலேயே, நான் பொட்டலத்தைக் கட்டும்போதே, ஓடையைப் பார்த்துக்கொண்டு ஒன்று சொல்லியிருந்தார். மழைச் சத்தத்தில் காதில் விழாத மாதிரி இருந்துவிட்டேன். அவர் சொன்னது இது: "மரத்துக் காயோ, தண்ணி கொண்டாந்த காயோ, யாரு கண்டா?"

பெயர் வந்த வீடு

காய் தேயிலைக் காய் மாதிரி, ஆனால் பூ தேயிலைப் பூவைவிடப் பெரிசு, இலை முற்றிலும் வேறு. ஆகவே இது கமேலியா, ஆகவே இது புதுசு. பேராசிரியர் இப்படித்தான் எழுத ஆரம்பித்தார். அந்த இரண்டு 'ஆகவே'யையும் சேர்த்துக் கட்டியிருந்த கயிறு என் நோட்டில் இருந்த அந்த ஒரு வார்த்தை. ஒரு துண்டுத் தாளில் அழகான எழுத்தில் எழுதி என்னிடம் கொடுத்தார்: கமேலியா ஞானமுத்துயி. கடைசியில் உள்ள வால் லத்தீன்.

எஸ்தர் அந்தத் தாளை வாங்கி வேதப் புத்தகத்துக்குள் வைத்தாள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. பதினாறு வருஷமாக அதைப் பற்றி நாங்கள் பேசுவதும் இல்லை. அன்றைக்கு அவள் புத்தகத்தை மூடிவிட்டு, மேலே கையை வைத்துக்கொண்டு, "நமக்குப் பொறவும் இது இருக்கும்லா?" என்று கேட்டாள். இருக்கும் என்றேன். வேதப் புத்தகத்தின் பக்கம் பார்க்காமல் சொன்னேன்.

அவள் தெருவுக்கெல்லாம் சொல்லிவிட்டாள். செட்டியார்பட்டியில் ஒரு கல்யாணத்துக்குப் போனோம். என்னை முன்வரிசைப் பாயில் உட்காரவைத்தார்கள். சபை உபதேசியார் எழுந்து வந்து கை கொடுத்தார். அத்தனை வருஷமும் தழைக்கார மாப்பிள்ளை என்று என்னைக் கூப்பிட்டவர் எஸ்தரின் அண்ணன் துரைராஜ். தேயிலைத் தோட்டத்தில் கங்காணியாக இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பியவர். அவரும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். சாப்பாடு இறங்காமல் நான் இலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், அவர் பந்தி முழுக்கக் கேட்கிற மாதிரிக் கேட்டார்: "மாப்ள, செடிக்கு உங்க பேர வச்சு, அதை ஆடு தின்னுட்டா நாங்க ஒப்பாரி வச்சுத் துட்டி கேக்க வரணுமா?"

தொட்டியில் முளைத்தது

வெடித்திருந்த காயில் இருந்து ஒரு விதை என் சட்டைப் பைக்குள் நழுவியிருக்கிறது. துவைக்கும்போது எஸ்தர் கண்டெடுத்து, எனக்குச் சொல்லாமலே, கிணற்றடி நிழலில் ஒரு உடைந்த தொட்டியில் ஊன்றிவிட்டாள். மாசி கடைசியில் அது முளைத்தது. நாலு இலை விட்டதும் என்னைக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினாள். அவள் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்தேன், பிறகு செடியைப் பார்த்தேன். இலை விளிம்பில் சின்னச் சின்னப் பல். நுனி கூர். மலையில் நின்ற மரத்தின் இலை நுனி மொண்ணை. கன்று இலை பெரிய மரத்து இலை மாதிரி இருக்காது, எத்தனையோ மரத்தில் அப்படி இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மூன்று நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். மூன்று நாளும் கிணற்றடிப் பக்கம் போகவில்லை.

செவ்வாய்க்கிழமை துரைராஜின் மனைவி தவமணி வந்தாள். பங்குனி உத்திரத்துக்கு ஊரில் கூட்டம், வளையல் வாங்க வந்தாளாம். தோட்டத்தில் இருந்தபோது நாற்று மேடையெல்லாம் அவள் பொறுப்பு. அதே வாரம் வியாழக்கிழமை பேராசிரியர் தன் கட்டுரையையும், செடி ஒட்டிய தாளையும், காய்ப் பொட்டலத்தையும் ஒரே பார்சலாகச் சீமைக்கு அனுப்ப இருந்தார். அன்று அனுப்பினால்தான் பம்பாயில் கப்பல் பிடிக்கும். நான் வாசலில் பலகைக்குக் கயிறு மாற்றிக்கொண்டிருந்தேன். கிணற்றடியில் எஸ்தர் பெருமையாகத் தொட்டியைக் காட்டுவது கேட்டது. பிறகு தவமணியின் குரல் தெளிவாக வந்தது: "ஏட்டி எஸ்தரு, இதையா தொட்டியில வச்சுக் கும்பிடுத? இது தேயிலைக் கன்னுல்லா. இந்த ஒரு செடிக்குத் தண்ணி சுமந்தே எங்களுக்கு இடுப்பு போச்சு."

இறக்கை

அன்று மத்தியானமே மலைக்குக் கிளம்பினேன். நேரே பங்களாவுக்குப் போய்ச் சொல்லியிருக்கலாம். நடந்து பத்து நிமிஷம். நிச்சயம் பண்ணிக்கொண்டு சொல்லலாம் என்றது சும்மா சாக்கு. மரத்தில் உருண்டை விதை இருந்துவிட்டால் சொல்லவே வேண்டாமே என்பதுதான் ஆசை. புதன்கிழமை மத்தியானம்தான் வெள்ளையன் கிடைத்தார், பிறகு ஏறினோம். வியாழன் விடியும்போது மரத்தடியில் நின்றோம். கடந்தைக் கூடு காய்ந்து தொங்கியது. வெள்ளையன் ஒரு கல்லை எறிந்து பார்த்தார். ஒன்றும் பறக்கவில்லை. ஏறினார். நான் கண்ணை மூடிக்கொண்டு ஜெபம் பண்ணினேன். தப்பான ஜெபம்.

கிளையோடு காயைக் கொண்டுவந்தார். மரக்கட்டை மாதிரி காய்ந்து ஐந்தாகப் பிளந்திருந்தது. உள்ளங்கையில் தட்டினேன். தட்டையாக நாலைந்து விதை விழுந்தது, ஒவ்வொன்றிலும் வெங்காயச் சருகு போல ஒரு இறக்கை. காற்று வந்தது, என் கண்ணெதிரேயே இரண்டு பறந்து போயிற்று. மரம் பழைய மரம், தாத்தா காலத்து மரம்.

வெள்ளையன் என்னை ஓடை வருகிற வழியே மேலே கூட்டிப்போனார். அரை மணி நடை. யாரோ ஒரு துரை எந்தக் காலத்திலோ பங்களா கட்டிவிட்டு விட்டுப்போன அஸ்திவாரம் கிடந்தது. அதைச் சுற்றித் தேயிலைச் செடிகள் வெட்டுவாரில்லாமல் மரமாகி நின்றன. கீழே அதே உருண்டைக் காய்கள். இறங்கும்போது கையில் இருந்த கிளையைப் பார்த்தேன். அதை ஓடையில் போட்டுவிட்டால் கதை முடிந்தது. பேராசிரியருக்கு மலையேற வயசில்லை. எஸ்தர் தேயிலைக்கும் கமேலியாவுக்கும் வித்தியாசம் கேட்கப் போவதில்லை. கையைத் தண்ணீருக்கு மேலே நீட்டியேவிட்டேன். வெள்ளையன் பார்த்துக்கொண்டு நின்றார். தடுக்கவும் இல்லை, போடச் சொல்லவும் இல்லை. யாரையும் குற்றம் சொல்லாத குரலில் சொன்னார்: "அன்னிக்கு நீங்க காயைப் பாத்தீய ஐயா, தண்ணியப் பாக்கல."

கப்பல் தபால்

கிளையை நம்பர் அட்டையோடு பலகைக்குள் வைத்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன். அடிவாரத்தில் ஒரு விறகு வண்டி கிடைத்தது. ஊர் எல்லை வரை சரியாகத்தான் வந்தது. மறுநாள் பங்குனி உத்திரம், ஆண்டாள் கல்யாணம். சுற்றுப்பட்டு ஊரெல்லாம் வண்டி கட்டிக்கொண்டு வந்திருந்தது. தெருவில் மாடும் மனுஷனும் சீர்வரிசைத் தட்டும் மேளமுமாக, எள்ளுப் போட்டால் கீழே விழாது. இறங்கி ஓடினேன். முதுகில் பலகை. ஒரு அம்மாள் தட்டில் முட்டித் திட்டு வாங்கினேன். பங்களாவில் பட்லர், ஐயா இப்போதுதான் தபாலாபீசுக்குப் போனார் என்றான். திரும்ப அதே கூட்டத்துக்குள் ஓடினேன். என் பெயர் கப்பல் ஏறாமல் தடுக்க நானே ஓடுகிறேனே என்று ஒரு பக்கம் அழுகை வந்தது, ஒரு பக்கம் கால் நிற்கவில்லை.

தபாலாபீஸ் ஜன்னலுக்கு உள்ளே பார்சல் போய்விட்டது. குமாஸ்தா அரக்கை உருக்கிக்கொண்டிருந்தார். பேராசிரியர் என் முழங்காலையும் சட்டையையும் பார்த்து, என்ன ஆச்சு என்றார். பேசத் தயார் பண்ணிக்கொண்டு வந்த வாக்கியமெல்லாம் போயிற்று. "ஐயா, அது பொறுக்கினது" என்றேன். அவ்வளவுதான் வந்தது. அவருக்கு அதற்கு மேல் வேண்டியிருக்கவில்லை. ஜன்னலுக்குள் கையை விட்டுப் பார்சலைத் திரும்ப எடுத்துக்கொண்டார். குமாஸ்தா அரக்கு வீணாகிவிட்டதென்று முணுமுணுத்தார்.

பங்களாவில் இறக்கை விதையை லென்சில் பார்த்தார். பிறகு பார்சலைப் பிரித்து, செடி ஒட்டிய தாளை மேஜையில் விரித்தார். தாளில் 'கமேலியா' என்று எழுதியிருந்த சீட்டைக் கிழிக்கக் கையை நீட்டினேன். என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். எங்கள் தொழிலில் தப்பான சீட்டைக் கிழிக்கக் கூடாது. அது அப்படியே இருக்கும், திருத்தத்தைப் புதுச் சீட்டில் எழுதி, கையெழுத்துப் போட்டு, பக்கத்தில் ஒட்ட வேண்டும். பின்னால் வருகிறவன் யார் எங்கே தவறினான் என்று பார்க்க வேண்டுமாம். ஒரு வெற்றுச் சீட்டை என் முன்னால் வைத்தார். என் பென்சிலை வாங்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டு, பெட்டியில் இருந்து கறுப்பு மைப்புட்டியை எடுத்துத் திறந்தார். "பூ மரத்துடையது, காய் தரையில் பொறுக்கினதுன்னு உம்ம கையாலயே எழுதிப் பேரைப் போடும். நல்ல மையில எழுதும் ஞானமுத்து, இது ரொம்ப நாள் நிக்க வேண்டியது."

பக்கத்துச் சீட்டு

அவர் என்னை வேலையை விட்டு நிறுத்தவில்லை. அதற்குப் பிறகு ஒருநாளும் பறித்ததா என்று கேட்கவும் இல்லை. அது நம்பிக்கையா, அல்லது கேட்டுப் பிரயோஜனம் இல்லை என்கிற முடிவா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. தெருவில் கேட்டவர்களுக்கெல்லாம் எஸ்தரே பதில் சொல்லிச் சமாளித்தாள். என்னோடு மட்டும் பத்து நாள் பேசவில்லை. பெயர் போனதற்காக இல்லை, மார்கழியில் இருந்து பங்குனி வரை அவளிடமும் மறைத்ததற்காக. தொட்டிச் செடி சித்திரை வெயிலில் கருகியது. நான்தான் தண்ணீர் ஊற்றவில்லை என்று சந்தேகப்பட்டாள். அதில் பாதி உண்மை.

யுத்தத்துக்கு நடுவில் ஒருமுறை மதுரைக்கு ஆஸ்பத்திரிக்குப் போனபோது, அந்தத் தாளைப் பார்க்க வேண்டும் என்றாள். கல்லூரியில் செடி அலமாரி அறைக்குக் கூட்டிப்போனேன். தாளை எடுத்து மேஜையில் வைத்தார்கள். பூ பழுப்பேறியிருந்தது. ஓரத்தில் பழைய சீட்டு, அதன் பக்கத்தில் என் சீட்டு. என் எழுத்து மட்டும் நேற்று எழுதின மாதிரி கறுப்பாக இருந்தது. வெட்கத்தில் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். எஸ்தர் விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். இது எவ்வளவு நாள் இருக்கும் என்று அங்கே இருந்தவரைக் கேட்டாள். பூச்சி அரிக்காமல் பார்த்துக்கொண்டால் நமக்கெல்லாம் பிறகும் இருக்கும் என்றார் அவர். என் பக்கம் திரும்பிப் பார்த்து, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சிரித்தாள். "பூவுக்கு வைக்காட்டி என்ன, பூவுக்குப் பக்கத்துலதான வச்சிருக்காவ."

இருபது வருஷம் மரத்தை அண்ணாந்து பார்த்தவனுக்கு அழியாத பெயர் கிடைத்தது, ஒரே ஒரு நாள் குனிந்து பொறுக்கியதால்தான்.